மாயாற்றுக் கரையில் மிஞ்சிய சடாயுவின் வம்சம்

குண்டலுபேட்டை: மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குண்டலுபேட்டையைத் தாண்டிச் சிறிது தொலைவில், சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் கிடக்கும் வயல்கள் முடிந்து பந்திப்பூர் காடு தொடங்குகிறது. முற்பகலில் வெயில் ஏறித் தரை சூடான பிறகு, இந்தக் காட்டின் மேல் இறக்கைகளை அசைக்காமல் வட்டமிடும் பெரிய பறவை ஒன்றைக் காண முடியும். வாகனங்களில் செல்வோரின் கண்கள் புலியையும் யானையையும் தேடிக் கொண்டிருப்பதால், அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

கன்னடத்தில் அதன் பெயர் 'ரணஹத்து'. போர்க்களத்துப் பறவை என்று பொருள் கொள்ளலாம். தமிழில் பிணந்தின்னிக் கழுகு. இதைவிடப் பழைமையான பெயர் 'பாறு'. சங்க இலக்கியத்தின் போர்க்களக் காட்சிகளில் பாறும் எருவையும் இடம்பெறுகின்றன. வழக்கொழிந்து போயிருந்த பாறு என்ற சொல்லை, 'அருளகம்' உள்ளிட்ட பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டு வந்துள்ளன. இதற்குக் காரணம் உண்டு. கழுகு என்ற ஒரே சொல், உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிக்கும் வேட்டைப் பறவையையும் இறந்த உடலை மட்டுமே உண்ணும் இப்பறவையையும் சேர்த்தே குறித்து வந்தது. பாறுகளின் கால் நகங்கள் இரையைப் பற்றித் தூக்கிச் செல்லும் வலிமை இல்லாதவை. உயிருள்ள கோழிக்குஞ்சைக்கூட அவை தூக்கிச் செல்வதில்லை.

குண்டலுபேட்டையின் பெயர் தலைநகர் தில்லியில் அடிபடுவது, பெரும்பாலும் பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகளில் 2009 முதல் நடைமுறையில் உள்ள இரவுநேரப் போக்குவரத்துத் தடையால்தான். கேரள, கர்நாடக அரசியலில் அந்தத் தடை கிளப்பிய சூட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் பறவை கிளப்பவில்லை. ஆனால், தென்னிந்தியாவில் பாறுகள் எஞ்சி நிற்கும் மிக முக்கியமான நிலப்பகுதியின் வட வாசல் இந்த ஊர்தான்.

பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் பெரும்பகுதி சாமராஜநகர் மாவட்டத்தின் குண்டலுபேட்டை வட்டத்தில் அடங்கும். 1997 வரை இது மைசூர் மாவட்டமாக இருந்தது. மைசூர் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த பகுதி, 1941-இல் வேணுகோபால் வனவிலங்குப் பூங்காவாக விரிவாக்கப்பட்டது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்வான 9 காப்பகங்களில் இதுவும் ஒன்று. தெற்கே மாயாறு. ஆற்றின் மறுகரையில் தமிழகத்தின் முதுமலை, அதையடுத்து சீகூர், சத்தியமங்கலம் காடுகள். மேற்கே கேரளத்தின் வயநாடு. மூன்று மாநில வனத்துறைகள் எல்லைக் கற்களை நட்டுள்ள இந்த நிலம் முழுவதையும் பாறு ஒரே நாளில் சுற்றி வந்துவிடும்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் காணப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 320. இதில் முதுமலையில் 78, பந்திப்பூரில் 73, சத்தியமங்கலத்தில் 70, வயநாட்டில் 51, நாகரஹொளேயில் 38, பிலிகிரி ரங்கநாதர் மலைப்பகுதியில் 10. இன வாரியாகப் பார்த்தால் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4. இவை தவிர இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வலசை வரும் இரண்டு வகைகளில் ஒவ்வொன்று.

320 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். 1980-களில் ஓர் ஊர்ப் புறத்தில் செத்த மாட்டைச் சுற்றிக் கூடிய பாறுகளே நூற்றுக்கு மேல் இருக்கும். இந்தியாவில் அப்போது கோடிக்கணக்கில் பாறுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. தில்லியின் சாலையோர மரங்களில்கூட அவை கூடு கட்டின. விமானங்கள் மீது மோதி விபத்தை ஏற்படுத்தும் பறவை என்பதே அந்நாளில் அரசுத் துறைகளுக்கு அதன் மீதிருந்த ஒரே கவலை.

துப்புரவுத் தொழிலாளி: உலகில் பிணந்தின்னிக் கழுகுகளில் 23 வகைகள் உண்டு. இந்தியாவில் காணப்படுபவை 9. பந்திப்பூர் வட்டாரத்தில் அதிகம் இருக்கும் வெண்முதுகுப் பாறு கருமை படர்ந்த உடலும், முதுகின் கீழ்ப்பகுதியில் பளிச்சென்ற வெண்திட்டும் கொண்டது. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இருக்கும். மாயாற்றின் கரையோரம் ஓங்கி வளர்ந்த நீர்மருது மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுவது இதன் வழக்கம். கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளை நாடும். 'மைசூர் டிட்ச்' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட மாயாற்றுப் பெரும்பள்ளம் அதற்கு வசதியாக அமைந்தது. சிவந்த தலையும் கறுத்த உடலும் கொண்ட செந்தலைப் பாறு கூட்டம் சேராது. தனியாகவோ இணையுடனோதான் காணப்படும்.

காலையில் பாறுகள் அவசரப்படுவதில்லை. கனத்த உடலை இறக்கையடித்துத் தூக்கிச் செல்வது கடினம் என்பதால், வெயிலில் சூடான காற்று மேலெழும் வரை கிளையிலேயே காத்திருக்கும். பிறகு அந்தக் காற்றில் ஏறி, ஒரு வெப்பக் காற்றுத் தூணிலிருந்து அடுத்ததற்கு மிதந்து செல்லும். மோப்பத்தால் அல்ல, பார்வையால்தான் இவை இரையைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு பறவை இறங்கினால், தொலைவில் வட்டமிடும் மற்றொன்று அதைக் கண்டு இறங்கும். அதைக் கண்டு வேறொன்று. இப்படித்தான் வெறும் வானத்திலிருந்து சில நிமிடங்களில் ஒரு கூட்டம் திரள்கிறது. கூட்டமாக வந்தால் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். இறகில்லாத தலையும் கழுத்தும் பார்ப்பதற்கு அருவருப்பாகத் தோன்றினாலும், பிணத்துக்குள் தலையை விட்டு உண்ணும் பறவைக்கு அதுவே சுத்தம். இரைப்பையின் அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள, பிற விலங்குகளைக் கொல்லக்கூடிய கிருமிகள் பலவும் அதில் மடிகின்றன.

இத்தனை பலம் கொண்ட வயிற்றால் ஜீரணிக்க முடியாமல் போனது, மாட்டுக்குப் போடும் ஒரு வலி நிவாரணி ஊசி மருந்தை மட்டுமே.

மருந்தே எமனாக: ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1990-களின் பிற்பகுதியில், கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் அமர்ந்திருந்த பாறுகள் பொத்தென்று விழுந்து மடிவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். முதலில் வைரஸ் நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. பூச்சிக்கொல்லியாக இருக்கலாம் என்றும் கருதப்பட்டது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்த ஆய்வின் முடிவை லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோதுதான் மர்மம் விலகியது. இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. காரணம், 'டைக்ளோஃபினாக்'. மாட்டின் காய்ச்சலுக்கும் மடிவீக்கத்துக்கும் கால் வலிக்கும் செலுத்தப்பட்ட மலிவான மருந்து. அது செலுத்தப்பட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்தால், அந்த உடலைத் தின்னும் பாறும் இறக்கும்.

நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இனத்தை அழிக்கப் போதுமானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஒரு பிணத்தில் ஐம்பது அறுபது பறவைகள் உண்ணும்போது இதில் வியப்பில்லை. மேலும், பாறு ஐந்து வயதளவில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை. அதுவும் பொரிந்து குஞ்சாகிப் பறக்க வேண்டும். இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. அதாவது ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும், வட இந்தியாவின் மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன.

மத்திய அரசு அசைந்தது மெதுவாகத்தான். 2005 மார்ச்சில், பிரதமர் மன்மோகன் சிங் தலைமையில் கூடிய தேசிய வனவிலங்கு வாரியம், கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவதைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2006 மே மாதம் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பினார். 2008-இல் அரசிதழில் தடை வெளியானது. இருப்பினும், மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்து பெரிய குப்பிகளில் தாராளமாகக் கிடைத்தது. அதையே மாட்டுக்கும் செலுத்தினர். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. மனிதர்களுக்கான குப்பி 3 மில்லி லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று 2015-இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கை 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதற்கிடையே, டைக்ளோஃபினாக்குக்குப் பதிலாகச் சந்தைக்கு வந்த வேறு சில வலி நிவாரணிகளும் பாறுகளுக்கு நஞ்சு என்பது தெரிய வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023 ஜூலையில் தடை விதிக்கப்பட்டது. நிமிசுலைடு 2024 டிசம்பர் இறுதியில் அதே பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக ஆய்வு, பரிந்துரை, ஆலோசனை வாரியம், அரசிதழ் என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் பல ஆண்டுகள் ஓடி விடுகின்றன. புதிய மருந்தைக் கால்நடைச் சந்தைக்கு அனுப்பும் முன்பே அது பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்துவிட்டால், இந்தத் துரத்தல் தேவையிருக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து, 2006-ஆம் ஆண்டுத் தடையின்போதே கையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சாணமும் காப்பித் தோட்டமும்: குண்டலுபேட்டை வட்டாரத்தில் இந்தப் பிரச்னைக்குத் தனி முகம் உண்டு. காட்டை ஒட்டிய கிராமங்களில் வளர்க்கப்படும் மாடுகளில் பெரும்பாலானவை நாட்டு மாடுகள். பால் அதிகம் கிடைக்காது. இவற்றை வளர்ப்பதன் முக்கியமான வருவாய்களில் ஒன்று சாணம். காட்டோரம் மேய்ந்து வரும் மாடுகளின் சாணம் சேர்க்கப்பட்டு, மலைப்பகுதிகளின் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக லாரிகளில் செல்கிறது. உலகச் சந்தையில் காப்பி விலை உயர்ந்தபோது பந்திப்பூர் ஓரத்தில் மாடு வளர்ப்பும் மாறியதைச் சூழலியல் ஆய்வாளர் எம்.டி. மதுசூதன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியுள்ளார்.

மாடு நோயுற்றால் அந்தக் குடும்பத்துக்கு உடனடித் தேவை, மாடு எழுந்து நிற்பது. கால்நடை மருத்துவர் வரும் வரை காத்திருக்க முடியாதவர்கள் கைக்கு எட்டிய மருந்தை நாடுகின்றனர். எந்த ஊசி பறவையைக் கொல்லும், எது கொல்லாது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது அரசின் பொறுப்பு. தில்லியில் அரசிதழ் வெளியாவதற்கும் காட்டோரக் கிராமத்து மருந்துக் கடையின் அலமாரி மாறுவதற்கும் இடையே உள்ள தொலைவு, வரைபடத்தில் காணும் தொலைவைவிட அதிகம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. காட்டோரம் மேயும் மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால், ஆத்திரத்தில் அந்தப் பிணத்தின் மீது விஷம் தூவப்படுவது உண்டு. புலி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பாறு நிச்சயம் வரும். உரிய இழப்பீடு காலதாமதமின்றிக் கிடைத்தால் விஷத்துக்கு வேலை இருக்காது. பந்திப்பூர் காட்டில் பெரும் பரப்பை அடைத்துப் படர்ந்துள்ள உண்ணிச்செடிப் புதரும் கவலை தருகிறது. வானிலிருந்து கண்ணால் தேடும் பறவைக்குப் புதருக்குள் கிடக்கும் மான் எப்படித் தெரியும்?

வளர்ப்பு மாடுகள் மருந்தால் நஞ்சான நிலையில், தென்னிந்தியப் பாறுகள் இந்த மூலையில் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் புலிகள்தான் என்பது பரவலான கருத்து. புலியும் செந்நாயும் அடித்துவிட்டு மிச்சம் வைக்கும் மான், காட்டெருமை உடல்களில் எந்த ஊசியும் ஏறியதில்லை. காட்டில் இயற்கையாக மடியும் விலங்குகளின் உடல்களைப் புதைக்காமலும் எரிக்காமலும் பாறுகளுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று ஆர்வலர்கள் வலியுறுத்துவதும் இதனால்தான்.

மனித உயிர்களின் கணக்கு: பாறுகள் மறைந்ததால் மனிதருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயல் ஃபிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளாதார நிபுணர்கள் 2024-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் விடை கண்டனர். பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் அவை முன்பே இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டபோது, 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பதாக அவர்கள் மதிப்பிட்டனர். இதன் சமூக இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,900 கோடி டாலர். பிணங்கள் அழுகிக் கிடந்தன. நீர்நிலைகளில் கிருமிகள் சேர்ந்தன. பாறுகள் விட்ட இரையை நாய்கள் எடுத்துக் கொண்டு பெருகின. நாய்களோடு வெறிநோயும் பரவியது. தில்லியின் தெருநாய்களை அப்புறப்படுத்துமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதே மாதம் செய்யப்பட்ட திருத்தமும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. அந்தக் காரசாரத்தில் பாறுகளைப் பற்றி அதிகம் யாரும் பேசவில்லை.

மும்பை மலபார் ஹில்லில், இறந்தோர் உடலைப் பறவைகளுக்கு அளிக்கும் பார்சி சமூகத்தினர், பறவைகள் வராததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அமைக்க வேண்டியதாயிற்று. பல நூற்றாண்டு மரபு ஒன்றை மாட்டு மருந்து தடுமாற வைத்தது.

தமிழகத்தில் செங்கல்பட்டு அருகே உள்ள திருக்கழுக்குன்றத்துக்குப் பட்சி தீர்த்தம் என்ற பெயரே கழுகுகளால் வந்தது. நாள்தோறும் உச்சிப் பொழுதில் மலைமீது குருக்கள் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருக்க, இரண்டு கழுகுகள் பறந்து வந்து உண்டு செல்லும். இணையிணையாக யுகத்துக்கு இரு கழுகுகள் இங்கு வழிபட்டதாகவும், திரேதா யுகத்தில் வந்தவை சம்பாதியும் சடாயுவும் என்றும் தல புராணம் கூறுகிறது. அங்கு வந்தவை வெளிர் உடலும் மஞ்சள் முகமும் கொண்ட மஞ்சள்முகப் பாறுகள். கிராமங்களில் இதைப் பாப்பாத்திக் கழுகு என்றும், மஞ்சள் திருடி என்றும் அழைப்பர். 1990-களின் இறுதியில் அவற்றின் வருகை நின்றது. பாறைக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்துத் திரும்பிய பக்தர்களுக்கு, அதே ஆண்டுகளில் பரத்பூரில் பறவைகள் மடிந்து விழுந்த செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

புள்ளிருக்குவேளூர் என்ற வைத்தீஸ்வரன் கோயிலில் சடாயு குண்டம் இருக்கிறது. ராமன் தந்தைக்குச் செய்வதுபோல் சடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது நம்பிக்கை. கம்பன் தன் காப்பியத்தில் சடாயுவுக்கு இரண்டு படலங்களும் அண்ணன் சம்பாதிக்கு ஒரு படலமும் ஒதுக்கியிருக்கிறான். கடலுக்கு அப்பால் இருந்த சீதையைக் கரையிலிருந்தே கண்டு சொன்னவன் சிறகிழந்த சம்பாதி. பாறின் பார்வைக் கூர்மையை அறிந்தவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியும். கேரளத்தின் சடயமங்கலத்தில் 200 அடி நீளச் சடாயு சிற்பம் 2018-இல் திறக்கப்பட்டு, மக்கள் திரளாகச் சென்று பார்க்கின்றனர். கர்நாடகத்தில் 'ஷோலே' திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்த ராமநகரத்துப் பாறைகளில் கூடு கட்டும் கருங்கழுத்துப் பாறுகளுக்காக, ராமதேவர பெட்டாவில் நாட்டின் முதல் பாறு சரணாலயம் 2012-இல் அமைக்கப்பட்டது. அங்கு எஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவிலானவை.

குண்டலுபேட்டைக்கு அருகில் ஹிமவத் கோபாலசாமி பெட்டாவிலும் பறவைக் கதை ஒன்று உண்டு. மலைமீதுள்ள ஹம்ச தீர்த்தத்தில் மூழ்கிய காகம் அன்னமாக எழுந்ததாம். அன்றுமுதல் அந்த மலையில் காகமே இல்லையாம். அழகில்லாத பறவைக்கு அழகு கிடைத்த கதை என்பதால் அது நிலைத்துவிட்டது. அடிவாரத்திலிருந்து அரசுப் பேருந்தில் மேலே செல்லும் பக்தர்கள், கோயிலுக்கு வெளியே நின்று பார்த்தால் பந்திப்பூர் காடும், அதற்கப்பால் நீலகிரியும் தெரியும். மொட்டைத் தலையுடன் பாறுகள் சுற்றும் வானம் அது.

ஹரியாணாவின் பிஞ்சோரில் 2001-இல் தொடங்கிய பாறு பராமரிப்பு மையம், பின்னர் இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. அங்கு பிறந்த பறவைகள் சில, 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் தடோபா, பெஞ்ச் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டு, முதுகில் சமிக்ஞைக் கருவியுடன் பின்னர் விடுவிக்கப்பட்டன. அவற்றில் ஒரு வெண்முதுகுப் பாறு மாநிலங்கள் பலவற்றைத் தாண்டித் தமிழகம் வரை பறந்து வந்தது. கூண்டில் பிறந்த பறவைக்குத் தெற்கின் வழியை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

கணக்கெடுப்பின்போது, ஆற்றின் இக்கரையில் கர்நாடக ஊழியர்களும் அக்கரையில் தமிழக ஊழியர்களும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து எண்ணுகின்றனர். ஒரு பறவையை இரு மாநிலங்களும் தம் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பாறுகள் முட்டையிடுவது குளிர்காலத்தில். நீர்மருதுக் கிளைகளில் கூட்டுக்கு ஒன்றாக உள்ள அந்த முட்டைகளில் இருந்து வெளிவரும் குஞ்சுகள், கோடை மழைக்கு முன் பறக்கக் கற்றாக வேண்டும். முதல் முறையாக ஆற்றைத் தாண்டிப் பந்திப்பூர் பக்கம் இரை தேடி வரும்போது, காட்டோரத்தில் எந்த மாடு, எந்த ஊசியுடன் இறந்து கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த கணக்கெடுப்பின் எண் அமையும்.